சந்திரனுக்குப் போன கதைகளைப் படித்த பேராசிரியர்

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, கல்லூரி விட்ட பின்னர், திருத்த வேண்டிய விடைத்தாட்கட்டுகளை முன்வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் நாம் தனியே இருந்தோம். உயர்தர வகுப்பில் இரசாயனம் பயிலும் மாணவன் ஒருவனின் தகப்பனார் வந்து வாசலில் நின்றார். கையில் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய பொதி ஒன்று. உள்ளே வந்து அமருமாறு கூறினோம். அமர்ந்ததும் பொதியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"மாஸ்டர், இதை ஒருக்காப் பாருங்கோ. பிள்ளை இரவிரவாய்ப் படிக்கிறான் எண்டு தாய் தேத்தண்ணி போட்டுக் குடுத்துக்கொண்டிருக்கிறா. அவன் படிக்கிறது இதை!"

பழைய புத்தகக் கடையில் வாங்கப்பெற்ற, அட்டை கிழிந்த நூல் அது. எச். ஜி. வெல்ஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட 'காலயந்திரம்'. பக்கங்களின் ஓரத்தில் பென்சிலாற் சில குறிப்புகளும் இருந்தன. தகப்பனார் மேலும் சொன்னார்: "நீங்கள் வகுப்பிலை இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதாம். அதாலைதான் உங்களிட்டை வந்தனான். நீங்கள் ஒரு சொல் சொன்னால் விட்டிடுவான். சோதினை முடியட்டும், பிறகு எதையும் வாசிக்கட்டும்."

நாம் வகுப்பில் அந்நூலைக் குறிப்பிட்டது மெய். ஆகையால் குற்றம் முழுவதையும் பையன் தலையிற் போடுவதற்கில்லை. அவனோடு பேசுவதாக வாக்களித்து, நூலை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தோம். தகப்பனார் விடைபெறுகையில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். "இப்பிடியான கதைப் புத்தகங்களைப் படிச்சு உலகத்திலை ஆரும் உருப்பட்டிருக்கினமோ, மாஸ்டர்?"

அக்கேள்விக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. இரவு வீட்டுக்குச் சென்ற பின்னரே ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் டார்க்கோ சூவின். இரசாயனப் பொறியியல் கற்கத் தொடங்கி, விஞ்ஞானப் புனைகதைகளை ஆராய்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர் அவர். அவருடைய வரலாற்றை இவ்வாரம் எமது வாசகருக்குச் சொல்ல எண்ணினோம்.

சூவின் 1930ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அக்காலத்து யூகோசிலாவிய இராச்சியத்தைச் சேர்ந்த சாகிரெப் நகரில், யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். குடும்பப் பெயர் அப்போது சூவின் அன்று, சிலெசிங்கர் என்பது. யூதருக்கெதிரான பகைமை ஐரோப்பா எங்கும் மூண்டெழுந்த 1939இல் குடும்பத்தார் பெயரை மாற்றிக்கொண்டனர். அப்பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. பெயரை மாற்றியும் முற்றாகத் தப்ப முடியவில்லை. தந்தைவழிப் பாட்டனும் பாட்டியும் உட்பட உற்றார் பலர் அப்படுகொலையில் மாண்டனர். பெயரினால் உயிருக்கு ஆபத்து நேருமென்பதை எம்மவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

போர்க்காலத்தில் ஒரு நாள், சிறுவன் சூவின் நின்ற இடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது மீற்றர் தூரத்திற் குண்டொன்று விழுந்து வெடித்தது. அவருக்குக் காயமில்லை. ஆயினும் அந்த ஐம்பது மீற்றர் தூரம் அவர் மனத்தை விட்டகலவில்லை. சற்றே வேறுபட்ட இன்னோர் உலகில் தாம் அன்றே இறந்திருப்போம் என்ற எண்ணத்தைப் பிற்காலத்திற் செவ்வியொன்றில் அவர் வெளியிட்டார். உள்ள உலகம் ஒன்று. அதற்கு அருகிலேயே, மயிரிழை விலகி, இருந்திருக்கக்கூடிய உலகங்கள் பல. இந்த எண்ணத்தை நூலிற் படித்து அறிந்தவரும் உளர். சூவின் அதை வெடிச் சத்தத்தில் அறிந்தவர்.

போர் முடிந்தது. சாகிரெப் சர்வகலாசாலையில் இரசாயனப் பொறியியல் கற்றார். பின்னர் ஆங்கிலமும் ஒப்பியல் இலக்கியமும் கற்றார். அங்கேயே விரிவுரையாளராகி, நாடக விமரிசனமும் எழுதினார், மொழிபெயர்ப்பும் செய்தார். 1965இல் தம் தாய்மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். 'லூசியன் முதல் லூனிக் வரை' என்பது அதன் பெயரின் பொருள். லூசியன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதியவர். கப்பலொன்று சூறாவளியில் அகப்பட்டுச் சந்திரனைச் சேர்ந்ததாக நகைச்சுவைக் கதை கட்டியவர். லூனிக் என்பதோ 1959இற் சோவியத் நாட்டார் சந்திரனை நோக்கி ஏவிய விண்கலங்களுக்கு வழங்கிய பெயர். தலைப்பு ஒன்றிலேயே ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளை அடக்கிவிட்டார். சந்திரனுக்குப் போகும் கதை நேற்றுத் தோன்றிய விளையாட்டு அன்று, மனித குலத்தின் நீண்டகால ஆசை என்பதே அந்நூல் கூறும் செய்தி.

1967இல் அவர் தாயகத்தை விட்டு வட அமெரிக்கா சென்றார். 1968 முதல் கனடாவில், மொன்றியல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார். முப்பத்தெட்டு வயதில், மூன்றாவதோ நான்காவதோ மொழியாகிய ஆங்கிலத்தில், பிறர் இகழ்ந்த ஒரு பொருளைப் பற்றிப் புதிதாக எழுதத் தொடங்குவதென்பது எளிய காரியமா? நாற்பதைக் கடந்த எமக்கு அதன் அருமை தெரியும்.

இகழ்ச்சி என்று கூறினோம். அக்காலத்து நிலை அதுதான். விஞ்ஞானப் புனைகதைகள் பெரும்பாலும் மலிவுத் தாளில் அச்சாகி, இரயில் நிலையங்களில் விற்பனையாகின. அட்டையில் பச்சை நிறப் பூதமொன்று பெண்ணொருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடும். இலக்கியப் பேராசிரியர் ஒருவர் அத்தகைய நூலைக் கையில் வைத்திருந்தால், மேலே வேறொரு நூலை வைத்து மறைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் சூவினுக்கு முன்னரே துணிந்தோர் சிலர் இருந்தனர். ஜே. ஓ. பெயிலி என்பார் 1947இல் 'வெளியினூடும் காலத்தினூடும் செல்லும் யாத்திரிகர்' என்னும் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். தோமஸ் கிளாரசன் 1959இல், ஒகாயோ மாநிலத்துச் சிறிய கல்லூரியொன்றிலிருந்து, இத்துறைக்கென முதலாவது ஆராய்ச்சிச் சஞ்சிகையைத் தொடங்கினார். பாதை வெட்டியவர்கள் அவர்கள். பாதைக்கு வரைபடம் தந்தவர் சூவின் என்பது எமது கருத்து.

அவ்வரைபடத்தைச் சற்று விளக்குவோம். மாணவர்கள் ஊன்றிப் படிப்பாராக.

1972ஆம் ஆண்டு இறுதியில், அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் சஞ்சிகையொன்றிற் சூவின் ஒரு கட்டுரை எழுதினார். விஞ்ஞானப் புனைகதை என்பது யாது என்னும் வினாவுக்கு அதில் விடை தந்தார். விண்கலம் வந்தால் விஞ்ஞானப் புனைகதையா? இயந்திர மனிதன் வந்தாற் போதுமா? எதிர்காலத்திற் கதை நிகழ வேண்டுமா? இவை எவையும் இலக்கணமாகா என்றார் அவர். இரண்டு தன்மைகள் சேர்ந்திருத்தலும் ஒன்றன்மேல் ஒன்று தொழிற்படுதலுமே இலக்கணம். ஒன்று, பழகிய உலகை எமக்கு அந்நியமாக்கிக் காட்டுதல். மற்றொன்று, அந்த அந்நிய உலகும் காரண காரிய அறிவுக்கு அமைந்து நிற்றல். அந்நியமாக்கல் இன்றி அறிவு மாத்திரம் இருந்தால் அது சாதாரண நாவல். அறிவின்றி அந்நியம் மாத்திரம் இருந்தால் அது தேவதைக் கதை. இரண்டும் கூடிய இடத்திலேதான் விஞ்ஞானப் புனைகதை பிறக்கின்றது.

அந்நியமாக்கல் என்னும் கருத்தை அவர் தாமே படைக்கவில்லை. உருசிய விமரிசகர் ஷ்க்ளொவ்ஸ்கியிடமிருந்தும், ஜேர்மன் நாடகாசிரியர் பிரெக்டிடமிருந்தும் பெற்றார். பிரெக்ட் கூறிய உதாரணமொன்றை அவர் எடுத்தாள்வார். கலிலியோ தொங்குவிளக்கு ஒன்று ஆடுவதைப் பார்த்தார். எத்தனையோ பேர் பார்த்த விளக்கு. கலிலியோவோ, விளக்கு ஆடுமென்று தாம் எதிர்பார்க்கவே இல்லாதவர்போல, வியந்து பார்த்தார். அப்படி வியந்து பார்த்தபடியாற்றான் ஆட்டத்தின் விதி அவருக்குப் புலப்பட்டது. பழகியதைப் பழகாததுபோலக் காண்பதே விஞ்ஞானத்தின் தொடக்கம். அதுவே நல்ல கதையின் தொடக்கமும் ஆகும். இரசாயனம் கற்ற ஒருவரே இவ்விரண்டையும் ஒரு கயிற்றிற் கட்டினார் என்பது தற்செயல் அன்று என நாம் எண்ணுகின்றோம்.

இன்னொரு சொல்லையும் அவர் நிலைநாட்டினார். 'நோவம்' என்பது அது. புதியது என்று பொருள்படும் இலத்தீன் சொல். ஜேர்மன் தத்துவ ஞானி ஏர்ண்ஸ்ட் புளொக்கிடமிருந்து பெற்றது. கதைக்குள் ஒரே ஒரு புதுமையை நுழைத்து, அதனால் அந்த உலகம் முழுவதும் எவ்வாறு மாறுகின்றது என்பதை ஒழுங்காகச் சொல்லிச் செல்ல வேண்டும். புதுமை வெறும் அலங்காரமாய் நிற்றலாகாது.

எமது நாட்டோடு தொடர்புடைய உதாரணமொன்று கூறுவோம். இது சூவின் கூறியதன்று, நாமே எடுத்துக்காட்டுவது. 1956 முதல் 2008இற் காலமாகும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளாக் 1979இல் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் வரும் தீவின் பெயர் தப்ரபேன். இலங்கையேதான், ஆனால் முழுவதும் இலங்கை அன்று. தீவை எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, பூமத்திய ரேகைமேல் வைத்தார். சிவனொளிபாத மலையின் உயரத்தையும் இரட்டித்தார். எதற்காக? பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறும் ஒரு தூக்கியை நிறுவுவதற்காக. பூமியோடு ஒத்துச் சுழன்று, நிலத்திலிருந்து பார்ப்போர்க்கு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும் செய்மதிப் பாதை பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. கயிறு அங்கிருந்துதான் இறங்கவேண்டும். ஆகவே மலையும் தீவும் இடம்பெயர வேண்டியதாயிற்று! ஒரு புதுமை வந்தவுடன் பூகோளமே அதற்கு இடங்கொடுத்து நகர்ந்தது. ஆயினும் கணக்குப் பிழைக்கவில்லை. நோவம் என்பதற்கு இதனிலும் நல்ல விளக்கம் எமக்குத் தெரியாது.

இனி, பத்திராதிபராகிய சூவினைப் பற்றிக் கூறுவோம். ஆர். டி. மலன் என்பவர் இந்தியானா மாநில சர்வகலாசாலையில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்தவர். 1973ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவரும் சூவினும் சேர்ந்து 'விஞ்ஞானப் புனைகதை ஆய்வுகள்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினர். ஒருவர் அமெரிக்காவின் மத்திய பகுதியில், ரெறி ஹோட் என்னும் சிறு நகரத்தில், மற்றவர் மொன்றியலில். முதலிரு ஆண்டுகளும் ஆண்டுக்கு இரண்டு இதழ். 1975 முதல் மூன்று இதழ். சஞ்சிகை நடத்திய அனுபவம் உள்ள வாசகர்கள் இவ்விலக்கங்களை வாசித்தவுடன் பெருமூச்சு விடுவர். கட்டுரை கேட்டுக் கடிதம் எழுதுதல், வந்ததைத் திருத்துதல், திருத்தியதற்காகக் கோபித்த ஆசிரியரைச் சமாதானப்படுத்துதல், அச்சுப்படி பார்த்தல் என்னும் இவ்வேலைகளுக்கிடையேதான் சொந்த ஆராய்ச்சியும் நடத்தல் வேண்டும். 1980 வரை சூவின் அப்பாரத்தைச் சுமந்தார்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு மாத்திரம் அச்சஞ்சிகை கதவு திறக்கவில்லை. போலந்து எழுத்தாளர் ஸ்ரனிஸ்லாவ் லெம், ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிரான்ஸ் றொற்றன்ஸ்ரைனர் முதலியோர் அதில் எழுதினர். விஞ்ஞானப் புனைகதை அமெரிக்கரின் குடிசைக் கைத்தொழில் என்றிருந்த எண்ணத்தை அது உடைத்தது. சோசலிச நாடுகளின் விஞ்ஞானக் கதைகளை 1970இலேயே ஆங்கிலத்திற் தொகுத்து வெளியிட்டவர் சூவின் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1975ஆம் ஆண்டு நவம்பர் இதழ் ஊர்சுலா லெ குவின் என்ற பெண் எழுத்தாளருக்கென ஒதுக்கப்பட்டது. அதே இதழில் அவ்வம்மையாரே, அமெரிக்க விஞ்ஞானக் கதைகள் பெண்களையும் ஏழைகளையும் பிற இனத்தாரையும் எவ்வளவு மட்டமாய் நடத்துகின்றன என்று கடிந்து எழுதினார். சிறப்பிக்கப்பட வந்தவர் தம் துறையையே கண்டிக்கிறார். பத்திராதிபரும் அதனை மனமுவந்து வெளியிடுகிறார். பத்திரிகைத் தருமம் என்பது இதுவன்றோ!

அதே ஆண்டு மார்ச் இதழின் கதை இதனிலும் விசித்திரமானது. அவ்விதழ் பிலிப் கே. டிக் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றியது. அந்நாளில் டிக் வறுமையில் உழன்றவர். மலிவுப் பதிப்புகளுக்காக இரவு பகலாய் எழுதித் தள்ளியவர். சர்வகலாசாலைகள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவரைப் பெரும் படைப்பாளியென மதித்து, முழு இதழையும் அவருக்காகத் திரட்டியது சூவினின் சஞ்சிகை. சூவின் தாமும் அதில் நீண்ட கட்டுரை எழுதினார்.

இதழ் வெளிவருவதற்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு முன், 1974 செப்டெம்பர் 2ஆந் திகதி, டிக் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்க சமஷ்டிப் புலனாய்வுத் துறைக்கு (எப்.பி.ஐ.) ஒரு கடிதம் எழுதினார். தம் நூல்களை ஆராயும் சூவின், பிரெட்றிக் ஜேம்சன், பீற்றர் பிற்றிங், றொற்றன்ஸ்ரைனர் ஆகிய நால்வரும் கம்யூனிசக் கட்சியின் கையாட்கள் என்றும், லெம் என்பவர் ஒரு தனி மனிதரே அல்லர், பலர் கூடிய ஒரு குழு என்றும் அதில் முறையிட்டார். லெம் கிராக்கோ நகரில் வாழ்ந்த ஒரே மனிதர் என்பதை யாவரும் அறிவர். அக்கடிதம் பிற்காலத்தில் டிக்கின் கடிதத் தொகுதியில் அச்சேறியது. மார்க்சிய நோக்கில் அவர்கள் எழுதியது உண்மை. சதி என்பது டிக்கின் உள்ளம் நொந்திருந்த காலத்துக் கற்பனை. அக்கற்பனைதானே அவர் நாவல்களையும் படைத்தது! தம்மைக் காட்டிக்கொடுக்க முனைந்த கையையே, அறியாமல், இலக்கிய உலகுக்கு உயர்த்திக் காட்டினர் அந்த ஆராய்ச்சியாளர். டிக் 1982இல் மறைந்தார். இன்று அவர் நூல்கள் சர்வகலாசாலைப் பாடங்கள்.

சூவினின் தலையாய நூல் 'விஞ்ஞானப் புனைகதையின் உருமாற்றங்கள்'. 1977இற் பிரெஞ்சு மொழியிலும், 1979இல் விரிந்த வடிவில் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. யேல் சர்வகலாசாலை அதனை வெளியிட்டது என்பதே அப்பொருளுக்குக் கிடைத்த மதிப்புக்குச் சான்று. தோமஸ் மோரின் 1516ஆம் ஆண்டு நூலாகிய 'யுற்றோப்பியா', சுவிப்ற்றின் கலிவர் யாத்திரை, வேர்ண், வெல்ஸ், 'றோபோ' என்ற சொல்லை உலகுக்கு வழங்கிய செக் நாடகாசிரியர் சாப்பெக் ஆகியோரை அந்நூல் ஒரே குலத்தவராய்க் காட்டுகின்றது. அதே 1979இல், பெயிலியின் நூற்பெயரால் வழங்கும் 'யாத்திரிகர்' பரிசு சூவினுக்குக் கிடைத்தது. கிளாக்கின் தப்ரபேன் நாவலும் அவ்வாண்டே வெளிவந்தது என்பதைக் கவனித்துக்கொள்க.

இத்தனைக்கும், சூவின் விஞ்ஞானப் புனைகதைகளைக் கண்மூடிப் புகழ்ந்தவர் அல்லர். அத்துறையில் வெளியாவதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் விரைவில் அழிந்துபோகும் சரக்கு என்று வெளிப்படையாகவே எழுதினார். 1983இல், 1848 தொடக்கம் 1900 வரை பிரித்தானியாவில் வெளிவந்த விஞ்ஞானப் புனைகதைகளை ஒவ்வொன்றாய்த் தேடி, வாசித்து, அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். பெரும்பாலானவை யாரும் நினையாத நூல்கள். நல்லதைத் தெரிய வேண்டுமாயின் அல்லதையும் வாசித்தே தீரவேண்டும் என்ற பொறுமை அவருக்கிருந்தது. முதற் பத்துப் பக்கத்தோடு ஒரு நூலுக்குத் தீர்ப்பு வழங்கும் விமரிசகர் எம்மிடையே மலிந்துவிட்டபடியால் இதனைக் குறிப்பிட்டோம்.

எமக்கு அவரோடு மாறுபாடும் உண்டு. மாயக் கதைகளையும் தேவதைக் கதைகளையும் அவர் மிகக் கடுமையாய்த் தள்ளினார். அவை அறிவுக்குப் பகை என்பதுபோல எழுதினார். புட்பக விமானத்தைக் காட்டி, எம் முன்னோர் ஆகாய விமானம் செய்தனர் என்று வாதிடுவோருக்கு அவர் அளவுகோல் நல்ல மருந்து. எண்ணியவுடன் பறக்கும் ஊர்தி எவ்வாறு பறக்கின்றது என்று கவி ஆராயவில்லை. ஆகையால் அது விஞ்ஞானக் கதை அன்று. அவ்வளவில் ஒப்புகின்றோம். ஆனால் அதனால் அக்காவியம் மனித வாழ்க்கையை அறிவதிற் குறைந்துவிட்டதா? இல்லையே! சைனா மீவில் முதலிய பிற்கால எழுத்தாளரும் இந்த இடத்திலேயே சூவினை மறுத்தனர். 2000ஆம் ஆண்டில் எழுதிய நீண்ட கட்டுரையொன்றில் சூவின் தாமே அக்கேள்வியை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். எழுபது வயதில், தம் பெயரை நிலைநாட்டிய கொள்கையைத் தாமே சோதித்துப் பார்ப்பது எத்துணைப் பேரால் இயலும்?

1999இல் மக்கிலிலிருந்து ஓய்வு பெற்று, இத்தாலியில் லூக்கா நகருக்குச் சென்று குடியேறினார். அவர் பிறந்த யூகோசிலாவியாவோ 1991, 1992ஆம் ஆண்டுகளிற் சிதைந்து போயிருந்தது. இருந்திருக்கக்கூடிய நாடு ஒன்றைப் பற்றி எண்ணுவதை முதுமையிலும் அவர் விடவில்லை. சோசலிச யூகோசிலாவியாவின் சிறப்பையும் சிறுமையையும் ஆராய்ந்து பெருநூலொன்று எழுதி, 2016இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவரும் மலனும் தொடங்கிய சஞ்சிகை 2023இல் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்தது.

இவ்வளவையும் குறித்து வைத்துக்கொண்டு, மறுநாள் மாணவனை அழைத்தோம். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஏச்சு விழுமென்று எதிர்பார்த்தான் போலும். நூலின் ஓரத்தில் அவன் எழுதியிருந்த குறிப்பொன்றைக் காட்டி, இது யாது என்று வினவினோம். 802701ஆம் ஆண்டிற் காலப் பயணி காண்கின்ற இரு சாதியாரைப் பற்றிய இடம் அது. மேலே வெயிலில் விளையாடித் திரியும் மென்மையான எலோய். நிலத்தின்கீழ் இயந்திரங்களோடு இருளில் வாழும் மோர்லொக். அப்பக்கத்தில் அவன் "இது வருங்காலமா, இப்பவா?" என்று எழுதியிருந்தான்.

"ஏன் அப்படி எழுதினாய்?" என்றோம்.

"சேர், மேலை இருக்கிறவை ஒரு வேலையும் செய்யேல்லை. கீழை இருக்கிறவைதான் எல்லாம் செய்யினம். அது இப்பவும் அப்பிடித்தானே. வெல்ஸ் அதைக் கொஞ்சம் நீட்டிவிட்டிருக்கிறார். கடைசியிலை மேலை இருக்கிறவையைக் கீழை இருக்கிறவை சாப்பிடுகினம். பரிணாமம் முன்னுக்குப் போகாமல் பின்னுக்குப் போகுது."

நாம் வியப்படைந்தோம். சூவின் தமது நூலில் அக்கதைக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கி, வர்க்க பேதம் இன பேதமாய் முதிர்வதையும், பரிணாம ஏணி தலைகீழாவதையும் ஆராய்ந்துள்ளார். பதினெட்டு வயதுப் பையன், எந்த ஆராய்ச்சி நூலையும் காணாமல், அதற்கு அண்மையில் வந்து நிற்கிறான். ஆயினும் இரசாயனத்தில் அவன் சென்ற தவணைப் புள்ளிகள் திருப்தியாய் இல்லை என்பதும் உண்மைதான். அதனையும் அவனுக்குச் சொன்னோம்.

அடுத்த வாரம் தகப்பனாரை வரச்செய்து, அவர் கேட்ட கேள்விக்கு விடையாகச் சூவினின் வரலாற்றைச் சுருங்கக் கூறினோம். பொறுமையாய்க் கேட்டார். குண்டு விழுந்த இடத்தை இரண்டாந் தரம் சொல்லும்படி கேட்டார். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அவருக்கு நிரந்தர உத்தியோகம் கிடைச்சதோ, மாஸ்டர்?" என்றார்.

"1968 தொடக்கம் 1999 வரை. முப்பத்தொரு வருஷம்," என்றோம்.

"இரசாயனத்தை விட்டிட்டோ?"

"விட்டுவிட்டுத்தான். ஆனால் முதலிற் படித்து முடித்துவிட்டு."

தலையசைத்தார். இழுப்பறையிலிருந்து நூலை எடுத்து அவர் முன் வைத்தோம். மகனிடம் கொடுப்பதா இல்லையா என்பதை அவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டோம். கிழிந்த அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "அப்பிடி என்னதான் இதிலை கிடக்குதெண்டு முதல் நான் ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறன்" என்று சொல்லி, அதே பத்திரிகைத் தாளிற் சுற்றி எடுத்துச் சென்றார்.

நேற்று முன்தினம் கல்லூரி வாசலில் மாணவனைக் கண்டோம். புத்தகம் திரும்பக் கிடைத்ததா என்று விசாரித்தோம்.

"இல்லை, சேர். அப்பா இன்னும் முடிக்கேல்லை. அம்மா இப்ப அவருக்குத்தான் தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறா."